கழிவுநீருக்கு வேறு வழி: ஒரு விண்ணப்பத்தின் கணக்கு

நாஞ்சில் நாட்டு வயல்வெளியில் நீர் போகும் பாதையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஆறு, சானல், குளம், மடை, வயல், மறுபடியும் ஒரு குளம் என்று அது கைமாறிக்கொண்டே போகிறது. பழையாறு மணக்குடியில் கடலைச் சேருமுன் பல அணைக்கட்டுகளில் நின்று, கால்வாய்களில் பிரிந்து, குளங்களில் தங்கிவிட்டுத்தான் போகிறது. ஆகவே மேட்டில் உள்ள ஊரின் சாக்கடை நீர் இங்கே எளிதில் கடலுக்குப் போய்விடுவதில்லை. அடுத்த ஊர்க் குளத்தில் போய் நிற்கிறது. அங்கே ஒருவர் குளிக்கிறார், மாடு தண்ணீர் குடிக்கிறது.

இத்தகைய இடத்தில் ஆயிரம் மாணவர் தங்கும் விடுதி வளாகம் ஒன்று கட்டப்படுவதாகக் கொள்வோம். கழிவுநீரைச் சுத்திகரிக்கச் சிறு நிலையம் தேவை. ஆனால் வளாகத்தார் வழக்கமான இயந்திர அமைப்பை விரும்பவில்லை. இயந்திரமில்லாத வேறொன்றைக் கேட்கிறார்கள். அதற்கு இசைவு பெற என்ன காட்ட வேண்டும்? சட்ட விஷயம்போல் தோன்றினாலும் இதில் பெரும்பகுதி உங்கள் பாடநூலில் உள்ள இயற்பியலும் கணக்கும்தான்.

சுமை எவ்வளவு?

ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் என்பது பொறியாளர்கள் கொள்ளும் அளவு. அதில் 80 விழுக்காடு, அதாவது 108 லிட்டர், கழிவுநீராகிறது. ஆயிரம் பேருக்கு 108 கன மீட்டர்.

இந்நீரில் உள்ள அழுக்கை நுண்ணுயிர்கள் உண்ணும். உண்ணும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைச் செலவழிக்கும். அத்தேவையை உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, சுருக்கமாகப் பி.ஓ.டி. என்பர். வீட்டுக் கழிவுநீரில் இது லிட்டருக்கு 250 மில்லிகிராம் என்று கொள்வோம். நம் ஊர் வெப்பநிலையில் தூய நீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். 250-ஐ 8-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் சாக்கடை நீர் 31 லிட்டர் குளத்து நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும்! குளத்தில் மீன் செத்து மிதப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

விடுதியின் ஒரு நாள் சுமை 108 × 250 = 27,000 கிராம், அதாவது 27 கிலோ ஆக்சிஜன்.

வழக்கமான முறையில் ப்ளோயர் எனப்படும் இயந்திரம் தொட்டிக்குள் காற்றை ஊதி இந்த ஆக்சிஜனைக் கொடுக்கிறது. ஒரு கிலோ ஆக்சிஜனைக் கரைக்க ஒரு யூனிட் மின்சாரம் என்று தோராயமாகக் கொண்டாலும் நாளொன்றுக்கு 27 யூனிட் ஆகும். செலவைக்கூடத் தாங்கலாம், மின்சாரம் நின்றால் என்ன செய்வது? 2017 நவம்பர் 30-ஆம் நாள் ஓகி புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது மின்கம்பங்கள் சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. காற்று ஊதப்படாத தொட்டியில் ஆக்சிஜனை நம்பி வாழும் நுண்ணுயிர்கள் மூச்சுத்திணறும். மின்சாரம் திரும்பினாலும் பழைய நிலைக்கு வரச் சில காலம் பிடிக்கும்.

வேறு வழி

வளாகத்தார் கேட்கும் அமைப்பு இது. முதலில் ஒரு படிவுத் தொட்டி. அடுத்து, குறுக்குச் சுவர்கள் உள்ள மூடிய தொட்டி. நீர் ஒரு சுவரின் கீழே நுழைந்து அடுத்ததன் மேலே ஏறி, மறுபடி இறங்கி, அடியில் உள்ள கசட்டினூடே ஊடுருவிச் செல்லும். அக்கசட்டில் ஆக்சிஜன் இன்றி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்று மீத்தேன் வாயுவாக வெளிவிடும். மூன்றாவது, கல்வாழையோ நாணலோ வளரும் ஜல்லிப் படுகை. கடைசியில் வெயில் படும் ஆழமற்ற குளம். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை வளாகத்தில் இவ்வகை அமைப்பு ஒன்று இயங்குகிறது. சுத்திகரித்த நீர் தோட்டத்துக்குப் போகிறது.

நீரை நகர்த்துவது புவியீர்ப்பு. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் ஒரு மீட்டர் இறக்கம் இருப்பதாகக் கொண்டு mgh கணக்கைப் போடுங்கள். 1,08,000 கிலோ × 9.8 × 1 = ஏறக்குறைய 10.6 லட்சம் ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக ஒரு நாள் முழுவதும் நீர் ஓட 0.3 யூனிட் ஆற்றல் போதும். அதையும் மேட்டு நிலம் இலவசமாகத் தருகிறது. (27-ஐயும் 0.3-ஐயும் அப்படியே ஒப்பிடுவது முறையன்று. ஒன்று ஆக்சிஜன் கரைக்கும் வேலை, மற்றது நீரை நகர்த்தும் வேலை. இங்கே சிதைக்கும் வேலையின் பெரும்பங்கை ஆக்சிஜன் தேவைப்படாத உயிர்கள் செய்துவிடுகின்றன.)

முறையா, முடிவா?

இனி அதிகாரியின் நாற்காலியில் நீங்கள் அமர்ந்து பாருங்கள். 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கழிவுநீர் வெளியேற்றும் நிலையத்தை அமைக்குமுன் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். இயக்குவதற்கு மீண்டும் ஓர் இசைவு. பழக்கமான வரைபடம் வந்தால் சரிபார்க்க எளிது. பழக்கமில்லாதது வந்தால்? மறுத்துவிடுவதே பாதுகாப்பு என்று தோன்றும்.

இதே சிக்கல் நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்தில் எழுந்தது. அங்கே நகராட்சிகள் கழிவுநீர் நிலையம் கட்டக் கடன் வாங்க உள்ளாட்சி வாரியத்தின் அனுமதி வேண்டும். கழிவுநீரை நிலத்தில் பாய்ச்சி வடிப்பதே முறை என்பது வாரியத்தின் பிடிவாதம். போதிய நிலமில்லாத நகரங்கள் கல் படுகைகளில் வடிக்க விரும்பின. வாரியமோ அதற்குப் பிறகும் நிலம் வேண்டும் என்றது. 1898-இல் ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, இரு முறைகளும் பயன்படத்தக்கவையே என்று அது கண்டது. பிறகு 1912-இல், எந்த முறை என்று கேட்பதை விட்டு, வெளிவரும் நீர் எப்படி இருக்க வேண்டும் என்று அளவு சொல்லிற்று: ஆற்றில் எட்டு மடங்கு நீர் கலக்குமானால், மிதக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கும் பி.ஓ.டி. 20-க்கும் மிகக்கூடாது.

இரண்டே ஆண்டுகளில், 1914 ஏப்ரலில், மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் காற்று ஊதிக் கசட்டை வளர்க்கும் முறையை அறிவித்தனர். அது யாரும் அறியாத முறை; ஆனால் அளக்க அளவுகோல் தயாராக இருந்தது. ஆம், நம் விடுதிக்கு வழக்கமானது என்று இன்று சொல்லப்படும் ப்ளோயர் முறை அன்று "வேறு வழி"யாக வந்ததுதான்.

அளவுகோலும் ஊருக்கு ஏற்ப மாறியது. இங்கிலாந்தில் மாதிரியை ஐந்து நாள் வைத்துப் பி.ஓ.டி. அளந்தனர், அந்நாட்டு ஆறுகள் கடலை அடைய அதற்கு மேல் ஆகாது என்பதே காரணம் என்பர். இந்தியாவில் 27 டிகிரியில் மூன்று நாள் வைத்தே அளக்கிறோம். வெப்பத்தில் நுண்ணுயிர்கள் விரைந்து உண்ணுமாகையால், 20 டிகிரியில் ஐந்து நாளுக்கு இது ஏறக்குறைய ஈடாகும்.

விண்ணப்பத்தில் எழுத வேண்டியது

2017 அக்டோபரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அறிவித்த தரப்படி, பெருநகரமல்லாத இடங்களில் பி.ஓ.டி. 30-க்குள் இருக்க வேண்டும். நம் அமைப்பைச் சோதிப்போம். படிவுத் தொட்டி 30 விழுக்காடு நீக்கினால் 250 என்பது 175 ஆகும். சுவர்த் தொட்டி அதில் 75 விழுக்காடு நீக்கினால் 44. ஜல்லிப் படுகை 60 விழுக்காடு நீக்கினால் 17½. வெற்றி! ஆனால் 2019-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 என்ற கடுமையான அளவை வலியுறுத்தியது. வாரியம் அதைக் கேட்குமானால் 17½ தோற்கும். படுகையைப் பெரிதாக்க வேண்டிவரும்.

பலர் தவறவிடும் இடம் இனிமேல்தான் வருகிறது. மலக்கிருமிகளின் எண்ணிக்கை 100 மில்லிலிட்டருக்கு 1000-க்குள் இருக்க வேண்டும் என்றும் 2017-ஆம் ஆண்டுத் தரம் கூறுகிறது. சாக்கடை நீரில் அது ஒரு கோடி இருக்கலாம். பி.ஓ.டி.யில் 93 விழுக்காடு நீக்கினோம் என்று மகிழ்ந்தோமல்லவா? கிருமிகளில் 93 விழுக்காடு நீங்கினால் மீதி 7 லட்சம்! இங்கே தேவைப்படுவது 99.99 விழுக்காடு. சுவர்த் தொட்டி, படுகை, வெயில் குளம் மூன்றும் ஒவ்வொன்றாகப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் ஒரு கோடி பத்தாயிரமாகத்தான் நிற்கும். வரம்பைவிடப் பத்து மடங்கு. முடிவில் குளோரின் சேர்க்க வேண்டும், அதைத் தினமும் அளந்து ஊற்ற ஓர் ஆள் வேண்டும். "பராமரிப்பே தேவையில்லை" என்று எழுதும் விண்ணப்பத்தை நான் அதிகாரியாயிருந்தால் அங்கேயே திருப்பி அனுப்புவேன்.

நிலமும் ஒரு தடை. ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் படுகை என்றாலும் 1000 சதுர மீட்டர், அதாவது 25 சென்ட் ஆகிறது. சதுர கிலோமீட்டருக்கு 1100 பேருக்கு மேல் வாழும் மாவட்டத்தில் 25 சென்ட் சிறிய சங்கதி அன்று. மேலும் இரு பருவமழையும் பெய்யும் ஊர் இது; மழைநீர் படுகைக்குள் புகாமல் கரை கட்ட வேண்டும்.

முன்மாதிரி காட்டும்போதும் கவனம் வேண்டும். 2017-இல் கருங்குழிப் பேரூராட்சியில் தொடங்கிய நிலையத்தைச் சிலர் உதாரணம் காட்டுவர். அது செப்டிக் டாங்க் கசட்டை லாரியில் கொண்டுவந்து உலர்த்தும் நிலையம். தமிழகத்தில் அவ்வகையில் முதலாவது. நல்ல முயற்சிதான், ஆனால் குழாயில் வரும் விடுதிக் கழிவுநீருக்கு அது சான்றாகாது.

இயக்க இசைவு கேட்கும்போது மாதிரி எடுக்கும் நேரமும் முக்கியம். விடுதியில் காலை ஆறு முதல் ஒன்பது வரை நீர் வெள்ளமாக வரும். பிற்பகல் மூன்று மணிக்கு எடுத்த ஒரு புட்டி நீர் நிலையத்தின் உண்மையைச் சொல்லாது. நாள் முழுதும் மணிக்கொரு முறை எடுத்துக் கலந்த மாதிரியே நம்பத்தக்கது.

ஆக்சிஜன் தீர்வதை நீங்களே காணலாம். சாக்கடை நீர் வேண்டாம். மூடியுள்ள மூன்று கண்ணாடிப் புட்டிகள் எடுங்கள். ஒன்றில் குளத்து நீர். இரண்டாவதில் குளத்து நீருடன் ஒரு கரண்டி அரிசி கழுவிய நீர். மூன்றாவதில் ஐந்து கரண்டி. ஒவ்வொன்றிலும் மெத்திலீன் நீலக் கரைசல் இரண்டொரு துளி இட்டு, காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடி, இருட்டில் வையுங்கள். நீரில் ஆக்சிஜன் தீர்ந்தால் நீலம் மறையும். எந்தப் புட்டி எத்தனை மணியில் வெளுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வெளுத்த புட்டியில் பாதியைக் கொட்டிவிட்டு, மூடி நன்றாகக் குலுக்குங்கள். காற்று கலந்ததும் நீலம் திரும்பி வரும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள்.