மூணரை லட்சத்தை மட்டும் வாங்கிக்கிட முடியுமா?

திங்கட்கிழமை என்றால் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதுகிறவர்களுக்குக் கை ஓயாது. குறைதீர்க்கும் நாள். போன மாதம் அந்தக் கூட்டத்தில் என் பக்கத்தில் நின்ற அக்கா, முக்கூடல் பக்கத்துக்காரர், பீடி சுற்றுகிறவர், நாலாக மடித்த ஒரு ஜெராக்ஸைப் பிரித்துக் காட்டினார். யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மகன் பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறான். "தம்பி, பத்து லட்சத்துக்கு எழுதிப் போட்டா மூணரை லட்சம் சும்மா தருவாவளாமே. அதை மட்டும் வாங்கிக்கிட முடியுமா?"

கணக்கு சரிதான். 'சும்மா'வும் 'மட்டும்'உம்தான் தப்பு.

அந்தத் தாளில் இருந்தது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், 2008-ல் தொடங்கியது. கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் போன்றோருக்கு 35 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 25. 10 லட்சத்தில் ஒரு தொழில் என்றால் அக்கா கையிலிருந்து போட வேண்டியது 5 சதவீதம், அதாவது 50,000 ரூபாய். மிச்சம் ஒன்பதரை லட்சமும் வங்கிக் கடன். மானியமும் முதலில் கடன் வேஷத்தில்தான் வருகிறது. அப்புறம் அரசு அனுப்பும் மூன்றரை லட்சம், அதே கிளையில் அவர் பெயரிலேயே மூன்று வருட வைப்பாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். எடுக்க முடியாது. அதற்கு வட்டியும் கிடையாது. அதற்குப் பதிலாக, கடனில் அந்த அளவுக்கு வங்கியும் வட்டி போடக் கூடாது. மூன்று வருடம் கழித்து, பட்டறை ஓடுகிறதா என்று ஆள் வந்து பார்த்த பிறகுதான் அது கடனில் கழியும்.

ஆக, மானியத்துக்கு மனுப் போடுவது என்றால் கடனுக்கு மனுப் போடுவது. மாவட்டத் தொழில் மையம் பரிந்துரைக்கும். கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் வங்கி மேலாளர். சலுகை அறிவிப்பைப் படிக்கிற நாம் இந்த இடத்தைத்தான் தாண்டிப் போய்விடுகிறோம்.

மானியம் என்ற சொல் மேலேயும் கொஞ்சம் பழி உண்டு. தாமிரபரணிக் கரையில் அந்தக் காலத்தில் மானியம் என்றால் வரியில்லாமல் விட்ட நிலம். வாங்கியவர் வம்சமே உட்கார்ந்து சாப்பிடலாம். அந்த நினைப்பு இன்னும் போகவில்லை. ஆனால் ராஜா கொடுத்ததெல்லாம் அப்படி இல்லை. அம்பாசமுத்திரத்துக்கு இளங்கோக்குடி என்று பெயர் இருந்த ஒன்பதாம் நூற்றாண்டில், வரகுண பாண்டியன் அங்கத்துக் கோயிலுக்காக 290 காசை ஊர்ச் சபையிடம் ஒப்படைத்தான். முதல் பணத்தில் கை வைக்கக் கூடாது. காசுக்கு இரண்டு கலம் வீதம் ஆண்டுக்கு 580 கலம் நெல் வட்டியாக அளந்து, அதில் நான்கு வேளைப் பூசைப்படி நடக்க வேண்டும். கல்வெட்டு அந்தப் படியைச் சாமான் சாமானாக எழுதிவைத்திருக்கிறது. முதல் பணத்தைத் தொடவிடாமல் பூட்டிக் கொடுக்கிற யோசனை டெல்லியில் பிறந்ததல்ல.

அக்காவின் அடுத்த கேள்வி இன்னும் நேரானது. "பீடிக்கு உண்டுமா?" கிடையாது. பீடி, சுருட்டு, சிகரெட் போன்ற போதைப் பொருள்களைச் செய்வதும் விற்பதும் இந்தத் திட்டத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கின்றன. புகையிலைக்கு அரசுப் பணம் கூடாது என்பதில் எனக்கு வழக்கில்லை. ஆனால் முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் பல பெண்களின் கைக்குத் தெரிந்த தொழில் அதுதான் என்கிறபோது, 'உங்களுக்குத் தெரிந்த தொழிலைத் தொடங்குங்கள்' என்ற அறிவுரை கொஞ்சம் உதைக்கிறது.

வேறு சில நம்பிக்கைகளைச் சட்டென்று முடித்துவிடலாம். படிப்பு வேண்டும் என்பார்கள்: உற்பத்தித் தொழிலில் 10 லட்சம் வரை படிப்புச் சான்று தேவையில்லை, அதற்கு மேல்தான் எட்டாம் வகுப்பு. அந்தப் பணத்தில் இடம் வாங்கிப் போடலாம் என்பார்கள்: நில விலையைத் திட்டச் செலவில் சேர்க்கவே முடியாது. பத்திரம் அடகு வைக்க வேண்டும் என்பார்கள்: அக்கா கேட்கிற அளவு சிறுதொழில் கடனுக்கு ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. புரோக்கர் இல்லாமல் ஆகாது என்பார்கள்: விண்ணப்பம் இணையத்தில், கட்டணம் கிடையாது.

பத்தமடைப் பக்கம் இன்னொரு பேச்சு உண்டு. பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதே, நெய்கிறவர்களுக்கு அரசு பணம் தருமே என்று. 2013-ல் பத்தமடைப் பாய்க்குக் கிடைத்தது பணம் அல்ல, பெயர்மேல் உரிமை. வேறு ஊர்ப் பாயை அந்தப் பெயரில் விற்றால் வழக்குப் போடலாம். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, நூல் மாதிரிக் கிழித்து, நாள் கணக்கில் தறி முன் குந்தியிருக்கிறவருக்கு அதனால் கூலி தானாக ஏறிவிடாது. அவருக்கும் காருகுறிச்சி மண்பாண்டக்காரருக்கும் கை கொடுக்கக்கூடியது தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம்: 25 கைத்தொழில்கள், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். இங்கேயும் கடன் இல்லாமல் மானியம் இல்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அக்கா ஜெராக்ஸை மறுபடி நாலாக மடித்தார். மிளகாய், மல்லி அரைக்கிற மில் போடலாம் என்று ஒரு யோசனை அவருக்கு இருக்கிறது.

"அப்போ அந்த அம்பதாயிரத்துக்கு எங்க போக?"

மகளிர் குழுவில் கேட்டுப் பாருங்கள் என்றேன்.

"குழுக் கடன்தான் ஏற்கெனவே ஓடிக்கிட்டுக் கெடக்கே" என்றபடி வரிசையில் முன்னால் நகர்ந்தார்.