இறால் குளத்தில் எத்தனை குஞ்சு விடலாம்?

மரக்காணம் உப்பளங்களை அடுத்த எக்கியார்குப்பம் போன்ற கடலோர ஊர்களில் இறால் வளர்க்க முற்படுவோர், குளத்தின் பரப்பை மட்டும் கணக்கிட்டுக் குஞ்சு வாங்குவது சரியன்று. விடியற்காலையில் நீரில் எவ்வளவு பிராணவாயு மிஞ்சுகிறது என்பதே முக்கியம்.

பகலில் நீரிலுள்ள நுண்பாசி வெயிலின் உதவியால் பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவிலோ அதே பாசி, இறாலுடனும் அடிச்சேற்றுடனும் போட்டியிட்டு அதைச் செலவழிக்கிறது. விடியும்போது லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. தீவனத்திலுள்ள தழைச்சத்தில் ஏறக்குறைய கால் பங்கே இறாலின் உடலில் சேரும். மீதி பாசிக்கு உரமாகிவிடும். ஆகவே குஞ்சு கூடினால் தீவனம் கூடும், பாசியும் கூடும்.

வனாமி இறாலை 2009-ல் அனுமதித்தபோது, சதுர மீட்டருக்கு 60 குஞ்சு என்று வரம்பு வைக்கப்பட்டது. அது வரம்புதான், எல்லாக் குளமும் அதைத் தாங்காது. ஓர் ஏக்கரில் (சுமார் 4,000 சதுர மீட்டர்) 40 வீதம் 1,60,000 குஞ்சு விட்டு, நூற்றுக்கு 80 பிழைத்து, 20 கிராம் எடைக்கு வந்தால் 2,560 கிலோ. 500 கிலோ இறாலுக்கு ஒரு குதிரைத்திறன் காற்றூட்டி என்ற கணக்கில் 5 முதல் 6 குதிரைத்திறன் வேண்டும். 60 வீதம் விட்டால் 8 தேவை. காற்றூட்டியும், மின்தடைக்கு ஜெனரேட்டரும் இல்லாதவர் அதற்கேற்பக் குறைத்தே விட வேண்டும். கடன் வாங்கி விட்ட குஞ்சு ஒரே இரவில் போய்விடும்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எச்சரிக்கை தேவை. வெயிலின்றிப் பாசி சோரும். உப்புத்தன்மை திடீரென இறங்கினால் மடிந்து அழுகி, இருக்கும் பிராணவாயுவையும் குடித்துவிடும். விடியலில் இறால் மேல்மட்டத்தில் கரையோரம் ஒதுங்கக் கண்டால், தீவனத்தை நிறுத்திவிட்டுக் காற்றூட்டிகள் அனைத்தையும் உடனே ஓட்ட வேண்டும்.