முகிலனும் மூன்று தோழர்களும்

முகில் என்றால் மேகம். முகிலன் என்பது நம் தமிழ்ப் பெயர். அந்தப் பெயர் கொண்ட ஒருவருக்கு மேகத்தோடுதான் வேலை. அவர் இந்திய விமானப்படையில் ஹெலிகாப்டர் விமானி. 1999-ஆம் ஆண்டு அவரும் மூன்று தோழர்களும் நாட்டுக்காக உயிர் கொடுத்தார்கள். அவர்களைப் பற்றிப் படிப்போம்.

மலை உச்சியில் எதிரி

நம் நாட்டின் வடகோடியில் லடாக் இருக்கிறது. அங்கே கார்கில் ஒரு மாவட்டம். எங்கு பார்த்தாலும் மலை. மலை அடிவாரத்தில் ஒரு சாலை போகிறது. அது ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குப் போகும் சாலை. மக்களுக்கும் படைவீரர்களுக்கும் வேண்டிய பொருள்கள் இந்தச் சாலை வழியே போகும்.

1999-இல் பாகிஸ்தான் படையினர் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி வந்தார்கள். மலை உச்சிகளில் பதுங்கிக்கொண்டார்கள். அந்த உச்சிகளில் ஒன்று தோலோலிங். திராஸ் என்ற ஊருக்கு மேலே இருக்கிறது. உயரம் சுமார் 15,000 அடி.

மேலே இருப்பவனுக்குக் கீழே உள்ள எல்லாம் தெரியும். சாலையில் போகும் லாரியும் தெரியும். நம் வீரர்கள் மறைவிடம் இல்லாத சரிவில் ஏறினார்கள். மேலிருந்து குண்டுகள் பாய்ந்தன. பலர் இறந்தார்கள். அவர்களுக்கு வானிலிருந்து உதவி தேவைப்பட்டது. மே 26-ஆம் தேதி விமானப்படை தாக்குதலைத் தொடங்கியது.

தெரிந்தே போனார்கள்

எம்.ஐ.-17 என்பது பெரிய ஹெலிகாப்டர். ஆட்களையும் சாமான்களையும் சுமக்கும். அதில் ராக்கெட் குண்டுகளைப் பொருத்தியும் தாக்கலாம்.

ஆனால் உயரமான மலையில் காற்றின் அடர்த்தி குறைவு. காற்றை அழுத்தித்தான் ஹெலிகாப்டரின் இறக்கைகள் அதை மேலே தூக்குகின்றன. அடர்த்தி குறைந்தால் தூக்கும் சக்தியும் குறையும். சட்டென்று திரும்பி விலகுவது கடினம்.

எதிரியிடம் ஸ்டிங்கர் ஏவுகணை இருந்தது. அதைத் தோளில் வைத்தே சுடலாம். அது எந்திரத்தின் சூட்டைத் தேடிப் பின்தொடரும். மே 27-ஆம் தேதி நாம் இரண்டு போர் விமானங்களை இழந்திருந்தோம். ஆபத்து எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மே 28. தோலோலிங்கைத் தாக்க எம்.ஐ.-17 ஹெலிகாப்டர்கள் அணியாகக் கிளம்பின. ஒன்றில் நான்கு பேர் இருந்தார்கள். ஸ்குவாட்ரன் லீடர் ராஜீவ் புண்டீர். பிளைட் லெப்டினென்ட் முகிலன். சார்ஜென்ட் பிரசாத். சார்ஜென்ட் சாகு. நால்வரும் 152-ஆம் ஹெலிகாப்டர் பிரிவைச் சேர்ந்தவர்கள்.

எதிரியின் இடத்தைத் தாக்கினார்கள். கொடுத்த வேலையை முடித்தார்கள். திரும்பும்போது ஏவுகணை தாக்கியது. ஹெலிகாப்டர் விழுந்தது. நால்வரும் இறந்தார்கள்.

பிறகு நடந்தது

இந்த இழப்புக்குப் பிறகு விமானப்படை தன் முறையை மாற்றியது. மலை உச்சியைத் தாக்கும் வேலைக்கு எம்.ஐ.-17 அனுப்பப்படவில்லை. போர் விமானங்கள் எட்டாத உயரத்தில் பறந்து தாக்கின. ஹெலிகாப்டர்கள் வேறு வேலை செய்தன. காயம்பட்ட வீரர்களை நூற்றுக்கணக்கில் சுமந்து வந்தன. நால்வரின் உயிர் போனது. அதில் கற்ற பாடம் பின்னால் பறந்தவர்களைக் காத்தது.

ஜூன் மாதம் தரைப்படை வீரர்கள் தோலோலிங்கை மீட்டார்கள். ஜூலை 26-இல் போர் முடிந்தது. அரசுக் கணக்குப்படி நம் வீரர்கள் 527 பேர் உயிர் நீத்தார்கள். முகிலன் உள்ளிட்ட நால்வருக்கும் வாயு சேனா பதக்கம் வழங்கப்பட்டது. அதை வாங்க அவர்கள் இல்லை.

தோலோலிங் மலையின் அடியில் இப்போது போர் நினைவிடம் இருக்கிறது. அங்கே ஒரு சுவரில் இறந்த வீரர்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஒருவர் குறைந்துபோனார்.

நாம் அவ்வளவு தூரம் போக முடியாமல் இருக்கலாம். ஆனால் இப்போது நமக்குப் படிக்கத் தெரியும். இந்த நால்வரின் பெயரையும் ஒருமுறை வாய்விட்டுப் படிப்போம். அதுவே நாம் செய்யும் மரியாதை.

புதிய சொற்கள்
அடிவாரம், சரிவு, ஏவுகணை, பதக்கம், நினைவிடம்

பதில் சொல்லுங்கள்
1. தோலோலிங் உச்சியை மீட்பது ஏன் அவசியமாக இருந்தது?
2. உயரமான மலையில் ஹெலிகாப்டர் ஓட்டுவது ஏன் கடினம்?
3. மே 28-க்குப் பிறகு விமானப்படை எதை மாற்றியது?

பேசிப் பாருங்கள்
உங்கள் ஊரிலிருந்து படைக்குப் போனவர்கள் யார்? அவர்கள் பெயர்களை நோட்டில் எழுதுங்கள்.