கரிநுண்குழலும் நீராவியும்

கரியணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்து, மயிரிழையினும் பல்லாயிர மடங்கு மெல்லிதாய் அமைவது கரிநுண்குழல் ஆகும். உலையின் கடுஞ்சூட்டில் எத்திலீன் வாயு சிதையும். அதனின்று பிரியும் கரி, இரும்பு நுண்துகள்களின்மேல் குழலாய் வளரும். ஆயின், மிஞ்சிய கரி அத்துகள்களை மூடிவிடும். வளர்ச்சியும் விரைவில் நின்றுவிடும். இத்தடையை நீக்கும் வழி யாது?

2004-ஆம் ஆண்டில், ஜப்பான் நாட்டுச் சுகுபா நகரில், கென்ஜி ஹாட்டாவும் அவர்தம் குழுவினரும் வாயுக் கலவையில் மிகச் சிறிதளவு நீராவியைச் சேர்த்தனர். அந்நீராவி கரிப்படலத்தை அரித்து நீக்கிற்று. குழல்கள் 10 நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயர்ந்தன! நீராவி குறைந்தால் படலம் நீங்காது. மிகுந்தாலோ துகள்கள் திறன் இழக்கும். பயிருக்கும் நீர் அளவோடு பாயவேண்டும் அன்றோ? ஊட்டும் வாயுவும் தூய்மை செய்யும் ஆவியும் அளவறிந்து கூடியவழியே வளர்ச்சி நிலைபெறும் என அறிக.