குடும்ப நிலத்தில் ஒரு சிறு வீடு

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்’ என்பது தமிழர் வாழ்வில் ஊறிய பழமொழி. இவ்விரண்டிலும் செலவு கையை மீறும் என்பதையே இப்பழமொழி உணர்த்துகிறது. ஆயினும், பினாங்கில் வீடு கட்ட நினைக்கும் குடும்பத்திற்குச் செலவுக் கணக்குக்கு முன்பே வேறொரு கேள்வி எழுகிறது. வீடு எழும்பப் போகும் நிலம் யாருடையது?

பினாங்குத் தீவின் பரப்பு ஏறத்தாழ 300 சதுர கிலோமீட்டர்தான். அதன் நடுவே 833 மீட்டர் உயரத்திற்குப் பினாங்கு மலை எழுந்து நிற்கிறது. சமவெளி குறைவாக இருப்பதால், ஜோர்ஜ்டவுனிலும் அதைச் சுற்றியும் நிலத்தின் விலை உயர்ந்தே இருக்கிறது. எளிய வருமானம் உள்ள இளம் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்கே வீடு வாங்குவது எட்டாக்கனி. பாலிக் பூலாவிலோ, தீவுக்கு எதிரே பெருநிலத்திலுள்ள செபராங் பிறையிலோ தாத்தா விட்டுச்சென்ற சிறு நிலம் இருந்தால், அதில் அடக்கமான வீடு ஒன்றைக் கட்டிக்கொள்வது நல்ல வழியாகும்.

ஆனால், ஒரு நிலத்தில் பல்லாண்டுகள் வாழ்வது வேறு. அந்நிலத்துக்கு உரிமையாளராக இருப்பது வேறு. இதற்குப் பினாங்கிலேயே மறக்க முடியாத சான்று உண்டு. குளுகோர் வட்டாரத்தில் கம்போங் புவா பாலா என்ற சிற்றூர் இருந்தது. ‘புவா பாலா’ என்றால் சாதிக்காய். அங்குத் தமிழ்க் குடும்பங்கள் மாடு வளர்த்து, மரங்களின் நிழலில் பல தலைமுறைகளாக வாழ்ந்தன. வீடுகள் அவர்களுடையவை, நிலப்பட்டா அவர்களிடம் இல்லை. நிலம் கைமாறி மேம்பாட்டுத் திட்டத்திற்குச் சென்றபோது வழக்கு நீதிமன்றம் ஏறியது. கூட்டரசு நீதிமன்றம் வரை சென்றும் அம்மக்களால் ஊரைக் காக்க இயலவில்லை. 2009ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கிருந்த வீடுகள் இடிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாகச் சிந்திய உழைப்பு நெஞ்சை நெகிழ வைக்கலாம். ஆனால், சட்டத்தின் முன் பேசுவது பட்டாதான்.

தீபகற்ப மலேசியாவில் நில உரிமை 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் கீழ் அமைகிறது. யாருடைய பெயர் பதிவேட்டில் உள்ளதோ அவரே உரிமையாளர். நிலத்தில் நிலையாகக் கட்டப்பட்ட வீடும் நிலத்தோடு சேர்ந்ததாகவே கருதப்படும். எனவே, அண்ணன் பெயரில் உள்ள நிலத்தில் தம்பி தன் சேமிப்பைக் கொட்டி வீடு கட்டினால், நாளை அந்நிலம் விற்கப்படும்போது தம்பியின் நிலை கேள்விக்குறியாகும்.

இன்னும் பெரிய சிக்கல், பட்டா இறந்தவரின் பெயரிலேயே இருப்பதாகும். தாத்தா மறைந்து முப்பது ஆண்டுகள் ஆகியும் பெயர் மாற்றப்படாத நிலங்கள் உண்டு. தாத்தாவுக்கு ஐந்து பிள்ளைகள். அவர்கள் ஒவ்வொருவருக்கும் நான்கு பிள்ளைகள் என வைத்துக்கொள்வோம். முதல் தலைமுறையில் ஐந்து பேர் கையெழுத்திட்டால் முடிந்திருக்கும் வேலைக்கு, அவர்களும் மறைந்த பின் இருபது பேரைத் தேட வேண்டும். ஒருவர் ஜொகூரில் இருப்பார். இன்னொருவர் வெளிநாட்டில் இருப்பார். உயில் எழுதாமல் இறந்த, முஸ்லிம் அல்லாதவரின் சொத்தை எப்படிப் பிரிப்பது என்பதை 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் கூறுகிறது. நிலம் அடங்கிய சிறு சொத்துகளை மாவட்ட நில அலுவலகத்தின் வழியாகவே பங்கிட்டுக்கொள்ள 1955ஆம் ஆண்டுச் சட்டமொன்று வழிசெய்கிறது. காலம் தாழ்த்தாமல் இவ்வேலையை முடிப்பதே வீட்டுக்கு இடும் முதல் அடித்தளம்.

பட்டாவில் பெயரோடு நிலத்தின் வகையும் குறிக்கப்பட்டிருக்கும். அது விவசாய நிலமா, கட்டட நிலமா, தொழில் நிலமா என்பதையும் விதிக்கப்பட்ட நிபந்தனைகளையும் நில அலுவலகத்தில் கேட்டு அறிய வேண்டும். அடுத்து, கட்டட வரைபடத்திற்கு ஊராட்சி மன்றத்தின் ஒப்புதல் தேவை. தீவில் பினாங்கு மாநகர் மன்றமும் பெருநிலத்தில் செபராங் பிறை மாநகர் மன்றமும் அப்பொறுப்பை ஏற்றுள்ளன. கட்டடக் கலைஞர், பொறியாளர் அல்லது பதிவு பெற்ற வரைவாளர் வரைபடத்தைச் சமர்ப்பிப்பார். வீடு முடிந்ததும் அது குடியிருக்கத் தகுந்தது என்பதற்கான நிறைவுச் சான்றிதழையும் 2007 முதல் அத்தகைய வல்லுநரே வழங்குகிறார். அனுமதியின்றிக் கட்டினால் பணம் மிச்சம் எனச் சிலர் எண்ணுவர். இடிக்கும்படி ஆணை வந்தால் போட்ட முதல் முழுவதும் மண்ணாகும்.

வசதி குறைந்தோருக்கு அரசின் துணையும் உண்டு. 1997இல் நிறுவப்பட்ட எஸ்.பி.என்.பி. எனும் தேசிய வீடமைப்பு நிறுவனம் ‘ருமா மெஸ்ரா ராக்யாட்’ என்ற திட்டத்தை நடத்துகிறது. சொந்த வீடு இல்லாத, குறைந்த வருமானம் பெறும் குடும்பத்திற்கு நிலம் இருந்தால், அதில் மூன்று படுக்கையறைகள் கொண்ட வீடு கட்டித் தரப்படுகிறது. நிலம் விண்ணப்பதாரர் பெயரில் இல்லாமல் குடும்பத்தார் பெயரில் இருந்தாலும், உரிமையாளரின் ஒப்புதலோடு விண்ணப்பிக்கலாம். செலவில் ஒரு பகுதியை அரசு ஏற்கும். எஞ்சியதைக் குடும்பம் மாதத் தவணையாகச் செலுத்தும். இங்கும் தெளிவான பட்டாவே கதவைத் திறக்கும் சாவி.

இனிச் செலவைப் பார்ப்போம். சிக்கனம் என்பது மலிவான பொருளை வாங்குவது அன்று. தேவையற்றதைக் கட்டாமல் இருப்பது. 1984ஆம் ஆண்டு ஒரே சீரான கட்டடத் துணைவிதிகளின்படி, வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டரும் இரண்டாம் அறை 9.3 சதுர மீட்டரும் மற்ற அறைகள் 6.5 சதுர மீட்டரும் குறையாமல் இருந்தால் போதும். அவ்வாறெனில், மூன்று அறைகளுக்குத் தேவையான குறைந்த அளவு 26.8 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 290 சதுர அடி மட்டுமே.

வீட்டின் வடிவமும் செலவைத் தீர்மானிக்கிறது. 30 அடி நீளமும் 20 அடி அகலமும் உள்ள வீட்டின் பரப்பு 600 சதுர அடி. அதன் சுற்றுச்சுவர் 100 அடி. 60 அடி நீளமும் 10 அடி அகலமும் உள்ள வீட்டின் பரப்பும் அதே 600 சதுர அடிதான். ஆனால், சுற்றுச்சுவர் 140 அடியாகிறது. இடம் ஓர் அடியும் கூடவில்லை. சுவரும் அடித்தளமும் 40 அடி கூடிவிட்டன. சமையலறையையும் குளியலறையையும் அடுத்தடுத்து அமைத்தால் நீர்க்குழாய்ச் செலவும் குறையும்.

கேரளத்தில் வாழ்ந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இத்தகைய சிக்கனத்தையே தம் வாழ்நாள் பணியாகக் கொண்டவர். செங்கற்களைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, சுவரின் உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பரப்பினார். அதனால் செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும். உள்ளிருக்கும் காற்று வெப்பத்தையும் தடுக்கும்.

முழு வீட்டையும் ஒரே மூச்சில் கட்ட வேண்டும் என்பதும் இல்லை. மலாய்க் கிராமங்களில் ‘ருமா ஈபு’ எனும் தாய்வீட்டை முதலில் எழுப்பி, குடும்பம் பெருகப் பெருகப் பிற பகுதிகளை இணைப்பது பழைய வழக்கம். 2004இல் சிலி நாட்டின் இக்கிக்கே நகரில், கட்டடக் கலைஞர் அலெஹாந்திரோ அராவேனாவின் குழு சுமார் 100 ஏழைக் குடும்பங்களுக்கு இதே சிந்தனையில் வீடு அமைத்தது. கிடைத்த மானியம் முழு வீட்டுக்குப் போதவில்லை. எனவே, கூரை, சமையலறை, குளியலறை, மாடிப்படி ஆகிய கடினமான பகுதிகளைக் கொண்ட பாதி வீட்டை உறுதியாகக் கட்டி, மறுபாதிக்கு இடம் விட்டனர். மக்கள் தங்கள் உழைப்பால் அதை நிறைவு செய்தனர். அக்குடும்பங்கள் உரிமையின்றி வாழ்ந்துவந்த அதே நிலத்திலேயே அவ்வீடுகள் எழுந்தன என்பது எண்ணத்தக்கது.

சிக்கனம் காட்டக் கூடாத இடங்களும் உண்டு. 2017 நவம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் பினாங்கின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. ஆகவே, தரைமட்டத்தை உயர்த்துவதிலும் அடித்தளத்திலும் கூரையிலும் மின்கம்பி இணைப்பிலும் கை வைக்கக் கூடாது. வண்ணப்பூச்சையும் அலங்காரக் கதவையும் அடுத்த ஆண்டு செய்யலாம். அடித்தளத்தை அடுத்த ஆண்டு செய்ய இயலாது. குத்தகையாளர் சி.ஐ.டி.பி.யில் பதிவு பெற்றவரா எனப் பார்த்து, முடிந்த வேலைக்கு ஏற்பக் கட்டங்கட்டமாகப் பணம் கொடுப்பதே பாதுகாப்பு.

குடும்ப நிலத்தில் வீடு கட்டுவோர் உறவையும் சேர்த்தே கட்டுகிறார்கள். எந்தப் பகுதி யாருக்கு, பாதை எங்கே, வரியை யார் கட்டுவது, நிலம் விற்கப்பட்டால் வீட்டுக்கு என்ன ஈடு என்பவற்றை உடன்பிறந்தோர் கூடிப் பேசி, வழக்கறிஞர் முன் எழுத்தில் வைப்பது நன்று. எழுதிக்கொள்வதால் பாசம் குறைந்துவிடாது. பேசாமல் விட்டதால் பிரிந்த குடும்பங்களே மிகுதி.