வழக்குக்குப் பதிலாக வகுப்பு

சட்டத்தை மீறியவரை நீதிமன்றத்துக்கு அனுப்பாமல் ஒரு வகுப்புக்கு அனுப்பலாமா? ‘பிழை விட்டவனுக்குப் படிப்பா?’ என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. இங்கிலாந்தில், வேகமாக வாகனம் ஓட்டிப் பிடிபடுவோருக்குப் பல ஆண்டுகளாக இம்முறை நடைமுறையில் உள்ளது. அதை முதலில் நோக்குவோம்.

மணிக்கு 30 மைலுக்கு மேற்படக்கூடாத தெருவில் ஒருவர் 38 மைல் வேகத்தில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழமையான வழி 100 பவுண் தண்டமும் சாரதி அனுமதிப்பத்திரத்தில் 3 குற்றப் புள்ளிகளும். ஆனால் இவர் எல்லையை மிக அதிகம் தாண்டவில்லை. கடந்த மூன்று ஆண்டுகளில் இவ்வகுப்புக்குப் போனதுமில்லை. எனவே பொலிசார் இவரை வகுப்புக்கு அழைக்கலாம். போய் முடித்தால் தண்டமும் இல்லை, புள்ளியும் இல்லை, வழக்கும் இல்லை.

சில மணி நேர வகுப்புத்தான், பரீட்சை கிடையாது. அங்கு பேசப்படும் விடயம் இத்தகையது: 30 மைல் வேகத்தில் வரும் கார், சாரதி ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து நிற்பதற்குள் 23 மீற்றர் ஓடிவிடும். 40 மைல் என்றால் 36 மீற்றர். தெருவைக் கடக்கும் பிள்ளைக்கு அந்த 13 மீற்றர்தான் உயிர். தண்டத்தைக் கட்டிவிட்டுப் போகிறவர் இக்கணக்கைப் பார்க்கவே மாட்டார்.

பலன் உண்டா? பிரித்தானியப் போக்குவரத்துத் திணைக்களம் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, வகுப்புக்குப் போனவர்கள் அடுத்த ஆறு மாதங்களில் மீண்டும் பிடிபடும் வாய்ப்பு 12 முதல் 23 வீதம் வரை குறைந்தது. விபத்துக்கள் குறைந்தன என்பதற்கோ உறுதியான சான்று கிடைக்கவில்லை.

நமக்கு இதில் ஒரு குறையும் தெரிகிறது. வகுப்புக் கட்டணத்தை அவரே கட்டவேண்டும். காசுள்ளவனுக்கு அது பெரிதல்ல. இன்னொன்று, பிழையே செய்யாதவரும் ‘தொல்லை முடியட்டும்’ என்று தலையாட்டிவிடக்கூடும். அப்படிப்பட்டவருக்கு நீதிமன்றக் கதவு திறந்தே இருக்கவேண்டும்.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் உண்டு. இது வழக்குக்குப் பதிலானதல்ல, மறியலுக்குப் பதிலானது. சிறு குற்றங்களில், ஆளை உள்ளே அனுப்பாமல் சம்பளமில்லாப் பொதுவேலையும் ஆலோசனை வகுப்பும் செய்யும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் மறியலுக்குப் போகிறவர்கள் இங்கே பலர். இடம்பெயர்ந்த குடும்பத்தில் உழைப்பவர் ஒருவரே என்றால், அவர் போனபின் தண்டனையைச் சுமப்பது வெளியிலிருக்கும் மனைவி மக்கள்தான்.

ஆகவே யாருக்காவது இந்நிலை வந்தால், தீர்ப்புக்கு முன்னரே இச்சட்டத்தைப் பற்றிச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். சீர்திருத்த உத்தியோகத்தர் விசாரிக்க வந்தால் நாட்கூலி எவ்வளவு, வீட்டில் எத்தனை பேர், காணி இப்போது யார் கையில் என்பவற்றை மறைக்காமல் சொல்லுங்கள். அவர் எழுதும் அறிக்கையைப் பார்த்துத்தான் நீதவான் முடிவெடுப்பார்.