கவச வண்டியும் கம்பியில்லாக் கருவியும்

பண்டைத் தமிழர் போர்க்களத்தில் மன்னன் ஆணையைப் படைக்கு உணர்த்தியது முரசம். முரசொலி எட்டாத இடத்துக் கொடியசைவு உதவிற்று. இவ்விரண்டும் போதாத ஊர்தி ஒன்று 1916-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பிரான்சு நாட்டுச் சோம் போர்க்களத்தில் முதன்முதற் புகுந்தது. டாங்கி எனப்படும் அக்கவச வண்டியுள் இருந்தோர் என்ஜின் இரைச்சலால் அருகிருப்போர் குரலையும் கேட்டிலர். புறத்தே செய்தி விடுக்கப் புறாக்களை உடன்கொண்டு சென்றனர். வலிமை மிக்க அவ்வூர்தி செவிட்டு யானையாய் நின்றது. அதற்குச் செவியும் நாவும் பொருத்துமாறு எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

இப்பொருள் எமக்குத் தொலைவானதன்று. எம் புதுப்பட்டினம் அடங்கிய செங்கற்பட்டு மாவட்டத்தில் முன்னர் அடங்கியிருந்த ஊரே ஆவடி. அங்கு 1961-இல் நிறுவப்பெற்ற கனரக வாகனத் தொழிற்சாலையினின்று 1965-இல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அவ்வூர் ஆய்வு நிலையத்தில் வடிவமைக்கப்பெற்ற அர்ஜுன் டாங்கி 2004-இல் படையிற் சேரத் தொடங்கிற்று. அதனுள் தலைவன், சுடுவோன், குண்டு நிரப்புவோன், ஓட்டுநன் என நால்வர் அமர்வர்.

முதற்கண் ஏரியலை நோக்குவாம். தடித்த எஃகுச் சுவரை வானொலி அலை ஊடுருவாது; ஆதலின் ஏரியற்கோல் வண்டிக்கு வெளியே நிற்றல் வேண்டும். இவ்வலை வினாடிக்கு ஏறத்தாழ 30 கோடி மீட்டர் செல்வது. 30 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஓர் அலையின் நீளம் 10 மீட்டர். அதன் காற்பங்காகிய 2½ மீட்டர்க் கோல் அதற்கு இயல்பாய்ப் பொருந்தும். கடலோடிகள் அவசரத்திற்கு அழைக்கும் 156.8 மெகாஹெர்ட்ஸிலோ அக்காற்பங்கு அரை மீட்டரினும் சற்றுக் குறைவு. கவச வண்டிகளிற் பெரிதும் வழங்குவது 30 முதல் 88 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியாதலின் அவற்றின் கோல் நெடிது. மரக்கிளை மோதினும் முறியாது வளைந்து நிமிர, அதன் அடியிற் சுருள்வில் வைப்பர்.

கோலுக்குத் துணையாய் அலையைப் பரப்புவது வண்டியின் இரும்புடலே. ஆதலின் ஏரியலின் அடித்தளமும் கருவியின் பெட்டியும் அவ்வுடலோடு உலோகத்தால் உறுதியாய் இணைதல் வேண்டும். இடையே ஒரு படலம் வண்ணப்பூச்சு நிற்பினும் அவ்விணைப்புக் கெடும். பொருத்துவோர் அவ்விடத்துப் பூச்சைச் சுரண்டி, உலோகம் பளிச்சிடக் கண்டபின்னரே திருகாணி முடுக்குவர். பின்னர்த் துருவேறாவண்ணம் காப்பும் செய்வர். கருவி தனியே நில்லாது. வண்டி முழுதும் கருவியின் உறுப்பாகின்றது.

அடுத்த இடர் இரைச்சல். அது காதுக்குக் கேட்பதும் மின்னில் மறைந்துள்ளதும் என இருவகைத்து. இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பெட்ரோல் டாங்கிகளில் ஸ்பார்க் பிளக்கின் பொறியே செய்தியைச் சிதைத்தது. டீசல் என்ஜினில் அப்பொறி இல்லையாயினும் மின்னாக்கியும் விசிறிகளும் பீரங்கிக் கூண்டைச் சுழற்றும் மோட்டாரும் இன்றும் இடர் விளைப்பன. இவற்றை அடக்க வடிகட்டிகளும் உலோக உறையிட்ட கம்பிகளும் இடுவர். காதுக்குக் கேட்கும் இரைச்சலைத் தடுக்கக் காதுறையும், வாயருகே வைக்கும் மைக்கும் உதவும்.

கூண்டு முழுவட்டமாய்ச் சுழல்வதாதலின், அதனுள் இருக்கும் தலைவனுக்கும் கீழே உடற்பகுதியில் இருக்கும் ஓட்டுநனுக்கும் இடையே நேர்க்கம்பி இழுத்தல் இயலாது, முறுகி அறும். எனவே சுழலும் உலோக வளையங்களை உராய்ந்து நிற்கும் தொடுமுனைகள் வழியே குரலும் மின்னும் கடக்கும்.

இங்ஙனம் பொருத்திய கருவியை நின்ற வண்டியிற் கேட்டு நிறைவுறுதல் தகாது. என்ஜின் ஓட, கூண்டு சுழல, மின்கருவி யாவும் இயங்க, அப்பொழுது சொல் தெளிவாய்க் கேட்கின்றதா என்று ஆய்வதே உண்மையான சோதனை. “நில்” என்னும் ஓராணை கேளாதொழியின், தன் படையின் குண்டுக்கே அவ்வண்டி இலக்காதலும் கூடும். அந்நால்வர் உயிர், பூச்சைச் சுரண்டிய தொழிலாளியின் கைத்திறத்தையும் பற்றி நிற்கின்றது. போரில் வீரனைப் பாடும் நாம், அவன் செவிக்குச் சொல்லைச் சேர்ப்பித்த கையையும் நினைத்தல் கடன்.